டெட்சுபின்: ஜப்பானிய வார்ப்பிரும்புக் கெண்டி பற்றித் தெரிந்தவர்கள் வாருங்கள்

தென்றல்_செண்டாய்

எல்லோருக்கும் வணக்கம். செண்டாயில் என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போகிறார். வீட்டைக் காலி செய்யும்போது, அவருடைய அம்மா புழங்கிய டெட்சுபின் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டார். உருண்டையான உடம்பு, கறுப்பு நிறம், தோளிலிருந்து இடுப்பு வரை வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வெறும் கெண்டியே கை வலிக்கும் கனம்.

உள்ளே பார்த்தால் அடியில் வெள்ளையாக ஒரு படிவு. அதற்கு மேலே அங்கங்கே செம்மண் நிறத்தில் துரு. "எதைச் செய்தாலும் உள்ளே மட்டும் தேய்க்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். காரணம் கேட்குமுன் லாரி வந்துவிட்டது.

என் கேள்விகள் இரண்டு. இந்தத் துருவோடு இதில் தண்ணீர் காய்ச்சிக் குடிக்கலாமா? இரண்டாவது, இதே மாதிரி புள்ளி வைத்த ஒன்று இங்கே கடையில் சில ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கிறது. பக்கத்து அலமாரியில் இன்னொன்று ஒரு லட்சம் யென்னைத் தாண்டி நிற்கிறது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எதற்கு இவ்வளவு வித்தியாசம்?

---

பனிக்காடு

நான் மொரியோகாவில் படித்தவன். அங்கிருந்த காலத்தில் பட்டறைகளுக்கு அடிக்கடி போய் வருவேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் விலை. சில ஆயிரம் யென்னுக்கு நீங்கள் பார்த்தது அநேகமாக டெட்சுபினே அல்ல, கியூசு. அது தேயிலை போட்டு வெந்நீர் ஊற்றி வைக்கும் பாத்திரம். மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பான எனாமல் பூச்சும், ஒரு கம்பி வடிகட்டியும் இருக்கும். பெரும்பாலானவற்றை அடுப்பில் ஏற்றக் கூடாது, எனாமல் வெடித்துவிடும். துரு பிடிக்காது, கழுவுவது சுலபம், தேநீர் ஆறாமல் இருக்கும். நல்ல பொருள்தான், ஆனால் வேலை வேறு. டெட்சுபின் தண்ணீர் காய்ச்சுவதற்கு மட்டும். உள்ளே எந்தப் பூச்சும் கிடையாது, தண்ணீர் நேராக இரும்பைத் தொடும். தேயிலையை அதற்குள் போடுவதில்லை.

இனி ஊர்க்கதை. இவாத்தே மாகாணத்தில் இரும்பு வார்ப்புக்கு இரண்டு ஊர்கள்: மொரியோகா, மிசுசாவா. மொரியோகாவை ஆண்டது நம்பு குடும்பம். தேநீர்ச் சடங்கில் ஈடுபாடு கொண்ட அந்தப் பிரபுக்கள் 17-ஆம் நூற்றாண்டில் கியோட்டோவிலிருந்து கொயிசுமி நிசாயெமோன் என்ற வார்ப்புக் கலைஞரை வரவழைத்தார்கள். அவர் செய்தது சாகாமா. சடங்கில் அடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய பானை அது. மூக்கும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. மூங்கில் அகப்பையால்தான் தண்ணீரை மொள்ள வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் தலைமுறை நிசாயெமோன் அந்தப் பானையைச் சிறிதாக்கி, மூக்கு வைத்து, மேலே வளைந்த பிடியும் போட்டார் என்பது மொரியோகாவில் சொல்லப்படும் வரலாறு. இலைத் தேநீரைச் சாவகாசமாகக் குடிக்கும் பழக்கம் பரவிய காலம் அது. ஒரே கையில் எடுத்து ஊற்றக்கூடிய பாத்திரத்துக்குத் தேவை இருந்தது.

மிசுசாவா வேறு வழி. பன்னிரண்டாம் நூற்றாண்டையொட்டி அந்தப் பகுதியை ஆண்ட ஃபுஜிவாரா நோ கியோஹிரா, கியோட்டோவை அடுத்த ஓமி நாட்டு வார்ப்புக்காரர்களைக் கொண்டுவந்து தொடங்கிய தொழில் என்பார்கள். எடோ காலத்தில் (1603–1868) அந்த ஊர் நம்பு ஆட்சியில்கூட இல்லை. செண்டாயை ஆண்ட தாத்தே குடும்பத்தின் கீழ் இருந்தது. விவசாயிகளுக்கான சட்டி, பானை, கோயில் மணி எல்லாம் அங்கே வார்த்தார்கள். இன்று இரண்டு ஊர்ப் பொருள்களுக்கும் "நம்பு டெக்கி" என்றே பெயர். 1975-இல் ஜப்பான் அரசு மரபுக் கைவினைகளின் பட்டியலைத் தொடங்கியபோது முதல் வரிசையிலேயே அதைச் சேர்த்தார்கள்.

உங்கள் கெண்டியில் இருக்கும் புள்ளிகளுக்கு "அராரே" என்று பெயர், ஆலங்கட்டி. ஒரு காரியம் செய்யுங்கள். கெண்டியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நடுவில் வட்டமான வடு ஏதாவது இருக்கிறதா?

---

கோவை_வார்ப்பு

பனிக்காடு சொன்ன வடு, இரும்பு ஊற்றிய வாய். கெண்டியைத் தலைகீழாக வைத்துத்தான் வார்க்கிறார்கள், அதனால் ஊற்றுவாய் அடிப்பக்கம் வரும். எங்களுடையது பம்ப் உதிரி வார்க்கும் பவுண்டரிங்க. சில வருடமாக இந்த ஜப்பான் வேலையைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். பட்டறைக்காரன் கண்ணில் படுவதைச் சொல்கிறேன்.

விலை வித்தியாசம் பிறக்கும் இடம் அச்சு. டெட்சுபினிலேயே இரண்டு வகை அச்சு உண்டு. ஒன்று ஈரமணல் அச்சு, நாங்கள் கிரீன் சாண்ட் என்போம். உலோகத்தில் பேட்டர்ன், அதாவது பொருளின் மாதிரி உருவம், செய்து வைத்துவிட்டால் இயந்திரம் மணலை அமுக்கி அச்சு எடுத்துக்கொண்டே இருக்கும். புள்ளி, பூ, ஆமை ஓடு எல்லாம் பேட்டர்னிலேயே இருக்கும். வேகமான வேலை, மலிவும்கூட. ஆனால் மணலில் ஈரம் இருப்பதால் உருகிய இரும்பு பட்டதும் ஆவி கிளம்பும். அதைத் தாங்க வேண்டுமென்றால் மணல் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், சுவரும் கொஞ்சம் தடிப்பாகப் போகும்.

இன்னொன்று சுட்ட அச்சு. இதில் பேட்டர்னே கிடையாது. கெண்டியின் பக்கவாட்டு உருவத்தில் பாதியை மட்டும் ஒரு பலகையிலோ தகட்டிலோ வெட்டிக்கொள்கிறார்கள். செங்கல் மாதிரிச் சுட்ட வெளிக்கூட்டுக்குள் களிமண் கரைசல் கலந்த மணலை அப்பி, அந்தத் தகட்டை நடுத்தண்டில் நிறுத்திச் சுற்றுகிறார்கள். முதல் சுற்றுக்குப் பருமணல், அப்புறம் கொஞ்சம் சன்னம், கடைசியில் மாவு மாதிரி மணல். சுற்றச் சுற்றக் கெண்டியின் வெளிவடிவம் பள்ளமாக அந்தக் கூட்டுக்குள் உருவாகிவிடும். அதன் மேல் கையால் கோலம் பதித்து, காயவைத்து, கரியில் சுடுகிறார்கள். சுட்டபின் ஈரம் என்பதே இல்லை. அதனால் ஆவித் தொல்லை குறைவு, மேல்தோல் அவ்வளவு சன்னமாக வரும்.

நான் அசந்துபோவது கோர் என்ற உள்ளச்சைப் பார்த்துத்தான். உள்வெற்றிடத்துக்கான மணல் உருண்டையைத் தனியாகச் செய்து வெளி அச்சுக்குள் தொங்கவிடுவது போல உட்கார்த்துகிறார்கள். சுற்றிலும் இடைவெளி 2 மி.மீ., 3 மி.மீ. அந்த இடைவெளிதான் கெண்டியின் சுவர். கோர் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இந்தப் பக்கம் ஓட்டை, அந்தப் பக்கம் தடிப்பு. நகராமல் பிடிக்கச் சின்ன இரும்புத் துண்டுகளை இடையில் வைக்கிறார்கள். எங்களிடம் அதற்கு சாப்லெட் என்று பேர். அவையும் வார்ப்போடு உருகிக் கலந்துவிட வேண்டும். கலக்காவிட்டால் அந்த இடத்தில்தான் நாளைக்கு ஒழுகும்.

கியூபோலா என்ற உருக்கு உலையிலிருந்து 1400 டிகிரிக்கு மேல் சூட்டில் இரும்பை அகப்பையில் பிடித்து ஒரே ஓட்டத்தில் ஊற்றுகிறார்கள். அந்தச் சன்னமான இடைவெளியில் ஒரு நொடி தயங்கினாலும் இரும்பு பாதியில் உறைந்துவிடும். ஊற்றும்போது மேல் அச்சு மிதந்து எழும்பாமல் இருக்க அதன் மேல் பலகை போட்டு ஆள் ஏறி நிற்பதும் உண்டு. மில்லிமீட்டர் கணக்கில் வேலை, ஆனால் கருவி இவ்வளவுதான்.

---

பனிக்காடு

கோவை அண்ணா, நீங்கள் "கையால் கோலம் பதித்து" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் அந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை.

அச்சு இன்னும் ஈரமாக இருக்கும். விட்டால் காய்ந்துவிடும், அவசரப்பட்டால் இடிந்துவிடும். பதிப்பவர் ஒரு பாதி அச்சை மடியோரம் சாய்த்து வைத்துக்கொண்டு, பென்சில் பருமனுள்ள ஒரு கோலால் உட்சுவரில் ஒவ்வொரு பள்ளமாக அழுத்துகிறார். புள்ளி என்று நாம் வெளியே காண்பது அவருக்குக் குழி. கெண்டியின் உடம்பு கழுத்தருகே குறுகி, வயிற்றில் அகன்று, மறுபடி அடியில் குறுகுகிறது அல்லவா? வரிசை ஒவ்வொன்றிலும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்க வேண்டும் என்றால், வயிற்றில் பெரிய புள்ளி, கழுத்தை நோக்கிப் போகப் போகச் சின்னப் புள்ளி. அதற்கேற்ப முனை சிறுத்த கோல்களை மாற்றிக்கொண்டே வருவார். ஒரு கெண்டிக்கு ஆயிரக்கணக்கில் குழிகள். அழுத்தம் எல்லாவற்றிலும் ஒரே அளவு.

நான் பார்த்தவர் அறுபது தாண்டியவர். வேலை செய்யும்போது பேச மாட்டார். ஒரு வரிசை முடிந்ததும் மட்டும் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து நிழலைப் பார்ப்பார். ஏதாவது ஒரு குழி ஆழம் குறைந்திருந்தால் அதன் நிழல் மட்டும் வெளிறித் தெரியும். அந்த ஒன்றைத் திருத்தப் போனால் பக்கத்துக் குழியின் கரை சரியும். அதனால் திருத்துவது என்பதே அநேகமாகக் கிடையாது.

புள்ளி இல்லாத வெற்றிடங்களையும் சும்மா விடுவதில்லை. களிமண் குழம்பைத் தூரிகையில் தோய்த்து ஒற்றி ஒற்றி ஒரு சொரசொரப்பை உண்டாக்குவார்கள். பைன் மரம், செர்ரிப்பூ, குதிரை போன்ற படங்கள் வேண்டுமென்றால் மெல்லிய காகிதத்தில் வரைந்து அச்சில் ஒட்டி, கோட்டின் மேலேயே அழுத்தி இறக்குவார்கள். எல்லாம் இடவலம் மாறி, மேடு பள்ளமாக.

இதைவிட முக்கியமான கட்டம் வார்த்து எடுத்த பிறகு வருகிறது, அதுதான் தென்றலின் முதல் கேள்விக்கும் பதில். அச்சைப் பிரித்து எடுத்த கெண்டியைக் கரி நெருப்புக்குள் புதைத்து, 800 முதல் 1000 டிகிரி வரை செக்கச்செவேல் என்று காய்ச்சி எடுப்பார்கள். கெண்டியின் தோல் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறிவிடும். உள்ளேயும் வெளியேயும் ஒரு மெல்லிய சாம்பல்கருமைப் படலம். துருவைத் தடுக்கும் வேலையை அதுதான் செய்கிறது. உள்ளே வேறு பூச்சு எதுவும் இல்லாமல் தண்ணீர் காய்ச்ச முடிவது அந்தப் படலத்தை நம்பித்தான். பெரியவர் "தேய்க்காதே" என்று சொன்னதற்குக் காரணம் இது. நார், கம்பி, பொடி போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அந்தப் படலம்.

வெளிப்பக்கத்துக்குத்தான் நிறம். கெண்டியைச் சூடாக்கி அந்தச் சூட்டிலேயே அரக்குமரத்துப் பால், அதாவது உருஷி பூசுவார்கள். அதன் மேல் காடியில் இரும்பை ஊறவைத்த கரைசலும் தேநீரும் கலந்து தடவுவார்கள். பழைய காலத்தில் பெண்கள் பல்லைக் கறுப்பாக்கப் பயன்படுத்திய அதே கரைசல். ஆழ்ந்த கறுப்பு, செம்பழுப்பு எல்லாம் அதில் வருவது.

என் கருத்து ஒன்று. கடையில் எல்லோரும் புள்ளிகளைத்தான் எண்ணுகிறார்கள். நான் முதலில் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பேன். ஒரு டெட்சுபினின் ஆயுள் உள்தோலில் இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை

படிக்க மிக நன்றாக இருக்கிறது. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. ஈரமணல் அச்சில் செய்ததும் இரும்புதான், தண்ணீர் அதிலும் அதே 100 டிகிரியில்தான் கொதிக்கிறது. அதற்கு இருபதாயிரம் யென் பக்கத்தில் கொடுத்தால் போதும் என்றால், ஒரு லட்சத்துக்கு மேல் எதற்குக் கொடுக்க வேண்டும்? கலைப்பொருள் என்று சொல்லி அலமாரியில் வைப்பவருக்குச் சரி. தினமும் தேநீர் போடுபவருக்கு அதில் என்ன கிடைக்கிறது?

---

கோவை_வார்ப்பு

நியாயமான கேள்விங்க. தினசரிப் புழக்கத்துக்கு ஈரமணல் வார்ப்பே தாராளமாகப் போதும், நல்ல பட்டறையில் செய்ததாக இருந்தால். மிசுசாவாவில் 1852-இல் தொடங்கிய ஓய்கென், மொரியோகாவில் 1902-இல் தொடங்கிய இவாச்சு மாதிரி பெரிய இடங்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கின்றன.

சுட்ட அச்சில் கூடுதலாகக் கிடைப்பது என்ன? சுவர் மெல்லியதாக வரும், அதனால் அதே அளவில் எடை குறையும். உள்தோல் சன்னமாக இருக்கும். மூக்கு உடம்போடு சேரும் இடத்தைக் கவனியுங்கள், அங்கே கை வேலை தெரியும். ஊற்றி நிறுத்தினால் கடைசிச் சொட்டு மூக்கைச் சுற்றி வழிந்து அடிக்கு ஓடக் கூடாது. மற்றபடி நீங்கள் கொடுப்பது நேரத்துக்கான காசு. ஓர் அச்சைச் செய்து, பதித்து, காயவைத்து, சுட்டு எடுக்கப் பல நாள். அந்த அச்சும் சில வார்ப்புகளுக்கு மேல் தாங்காது. எங்கள் பட்டறையில் அந்தக் கணக்கில் ஒரு பொருள் செய்யச் சொன்னால் இந்த விலைக்குக் கட்டாதுங்க.

பிடியையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல கெண்டிகளில் பிடி வார்ப்பு அல்ல. இரும்புத் தகட்டைச் சுருட்டி, அடித்து, உள்ளே பொள்ளலாக வளைத்த குழாய். பொள்ளல் என்பதால் சூடு மெதுவாக ஏறும். பிடி அடிப்பவர் தனித் தொழிலாளி, கெண்டி வார்ப்பவர் அல்ல. அந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது மிகச் சிலர். பட்டறைகள் பிடிக்காகக் காத்திருக்கும் நிலை. எனக்கு இந்தத் தொழிலில் பெரிய கவலை இதுதான். வார்க்க ஆள் சேர்ந்தாலும் பிடிக்கு ஆள் சேர வேண்டும்.

---

இளந்தளிர்

தேநீர் பக்கத்திலிருந்து நான் வருகிறேன். டெட்சுபினில் காய்ச்சிய தண்ணீர் மெத்தென்று இருக்கும், கசப்பு குறையும் என்று ஜப்பானில் கேட்காத கடை கிடையாது. என் நாக்குக்கும் வித்தியாசம் தெரிகிறது. குறிப்பாக வெறும் வெந்நீராகக் குடிக்கும்போது. தேநீரில் அந்த அளவுக்குப் பிரிக்க முடியவில்லை. இரும்பு கொஞ்சம் கரைகிறது என்பது உண்மை. தேயிலையில் துவர்ப்பைத் தரும் டானின் இரும்போடு சேர்ந்து கறுக்கும் என்பதும் உண்மை. அதனால் சுவை மாறுவதில் வியப்பில்லை. ஆனால் குளோரினை இரும்பு உறிஞ்சிவிடுகிறது என்று விற்பவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. எந்தப் பாத்திரத்திலும் தண்ணீரைத் திறந்துவைத்து நன்றாகக் கொதிக்கவிட்டால் குளோரின் வாசனை போய்விடும்.

எனக்குப் பிடித்தது சத்தம். சடங்குக்கான பானைகளில் அடியில் சின்ன இரும்புத் துண்டுகளை ஒட்டி வைப்பார்கள். சூடு ஏறும்போது அவற்றின் இடுக்கில் குமிழ் உருவாகி ஒரு மெல்லிய இரைச்சல் வரும். பைன் மரத்துக் காற்று என்று அதைச் சொல்வார்கள். சில டெட்சுபின்களிலும் இது உண்டு. தென்றல், உங்களுடையதில் அடியில் தகடு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் பெயர்த்துவிடாதீர்கள், அழுக்கு என்று நினைத்து.

---

வெண்ணிறாடை

நான் மருத்துவமனையில் செவிலியர். இரத்தசோகைக்கு நல்லது என்று இதை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அதனால் இரண்டு வார்த்தை. தண்ணீரில் இரும்பு இறங்குகிறது, உடலுக்கு ஏற்ற வடிவில்தான் பெரும்பகுதி இறங்குகிறது. எனாமல் பூசிய கியூசுவில் அது நடக்காது. ஆனால் எவ்வளவு இறங்கும் என்பது தண்ணீர், கொதிக்கும் நேரம், உள்தோல் எல்லாவற்றையும் பொறுத்தது. அந்தத் தண்ணீரில் கடுந்தேநீர் போட்டுக் குடித்தால் டானின் அந்த இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் மாத்திரையைத் தொடருங்கள். இரும்புச்சத்து ஏற்கெனவே மிகையாக உள்ள நோயாளிகள் கேட்காமல் இதைத் தினமும் புழங்க வேண்டாம்.

---

காமோகரை

கியோட்டோவிலிருந்து ஒரு குரல். பேச்சு முழுக்க இவாத்தே பக்கமே போகிறது. டெட்சுபினுக்கு இன்னொரு பெரிய வீடு உண்டு. கியோட்டோவில் ரியூபுந்தோ, ஓமிப் பக்கம் கிமுரா குடும்பத்தின் கின்ஜுதோ, ஹதானோ ஷோஹேய் தொடங்கிய கிபுந்தோ. இவை எடோ காலத்தின் பிற்பகுதியிலும் மெய்ஜி காலத்திலும் (1868–1912) கொடிகட்டிப் பறந்த பட்டறைகள். ரியூபுந்தோ கையாண்டது மெழுகு வார்ப்பு. மெழுகில் மலை, நீர், மரம், மனிதர் என்று ஓவியம்போலச் செதுக்கி, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி இரும்பை ஊற்றுவது. அச்சை உடைத்தால்தான் பொருள் வெளியே வரும், இரண்டாவது ஒன்று கிடையாது. சுவாமிமலை ஸ்தபதிகள் வெண்கலத்தில் செய்வதைப் பார்த்தவர்களுக்கு முறை புரியும். அதை இரும்பில், இவ்வளவு மெல்லிய சுவரில் செய்தார்கள் என்பதுதான் என்னை இழுத்தது.

பார்த்தவுடன் பிரித்தறிய ஓர் அடையாளம்: இவாத்தே கெண்டிக்கு மூடியும் பெரும்பாலும் இரும்பு. கியோட்டோப் பக்கத்தில் செம்பு அல்லது வெண்கல மூடி, பட்டறை முத்திரை அநேகமாக மூடியின் உள்பக்கம். பிடியில் வெள்ளி இழைத்த வேலையும் உண்டு.

ஆனால் பழசு வாங்கப் போகிறவர்களுக்குக் கண்டிப்பான ஓர் எச்சரிக்கை. சீனாவில் சேகரிப்பவர்கள் பெருகி விலை பறந்த பிறகு, முத்திரை போட்ட போலிகள் ஏராளம். முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மூடியும் உடம்பும் வேறு வேறு கெண்டிகளிலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம். தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள், ஒழுக்கு தெரிந்துவிடும். இணைய ஏலத்தில் உள்பக்கப் படம் போடாதவரிடம் நான் வாங்குவதில்லை.

பழைய கெண்டிகள் கொஞ்சமாக மிஞ்சியதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 1941-இல் போருக்காக உலோகம் திரட்டும் ஆணை வந்தது. கோயில் மணியிலிருந்து வீட்டுக் கெண்டிவரை உலைக்குப் போயின. மொரியோகாவில் கெண்டி வார்க்க விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள்களை அனுமதித்தார்கள். போர் முடிந்தபின் அலுமினியமும் எரிவாயு அடுப்பும் வந்து மிச்சத்தையும் ஒதுக்கின. பெரியவரின் அம்மா அதைத் தாண்டி ஒன்றை வைத்திருந்து புழங்கியிருக்கிறார் என்றால், தென்றல், நீங்கள் அதிர்ஷ்டசாலி.

---

தென்றல்_செண்டாய்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நடுவில் வட்ட வடு இருக்கிறது. மூடி இரும்பு. பிடியைத் தட்டினால் பொள்ளலான சத்தம். உள்ளே அடியில் தகடு எதுவும் இல்லை. இந்நேரம் இன்னொரு குழுவில் ஒருவர், வினிகர் ஊற்றி ஊறவைத்தால் துரு போய்விடும், பிறகு தோசைக்கல் மாதிரி எண்ணெய் தடவிப் பழக்கலாம் என்கிறார். செய்யலாமா?

---

பனிக்காடு

வேண்டாம், இரண்டும் வேண்டாம். வினிகர் துருவோடு சேர்த்துக் கறுப்புப் படலத்தையும் தின்றுவிடும். அந்தப் படலம் போனால் வீட்டில் திரும்பக் கொண்டுவர வழியில்லை. தோசைக்கல்லில் எண்ணெய் கருகி ஒட்டிக்கொள்வதால் அது பழகுகிறது. இதில் கொதிப்பது தண்ணீர். தடவிய எண்ணெய் மிதக்கும், சிக்கு வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

இப்படிச் செய்யுங்கள். குடித்து முடித்த பச்சைத் தேயிலைச் சக்கையை மெல்லிய துணியில் முடிந்துகொள்ளுங்கள். கெண்டியில் முக்கால் பாகம் தண்ணீர் விட்டு, முடிச்சைப் போட்டு, சிறு தீயில் இருபது முப்பது நிமிடம் கொதிக்கட்டும். தண்ணீர் மை மாதிரிக் கறுத்துவிடும், பயப்படாதீர்கள். துருவும் டானினும் சேர்ந்து கறுப்பாக மாறுவதுதான் அது. கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அலசி மறுபடி செய்யுங்கள். சில தடவையில் துரு இருந்த இடம் சிவப்பிலிருந்து கறுப்பாகும். கடைசியில் வெறும் தண்ணீரைக் காய்ச்சி ஒரு வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் குடிக்கலாம். உள்ளே சிவப்புப் புள்ளி தெரிவது பிரச்சினையல்ல, தண்ணீரின் நிறம்தான் கணக்கு.

அடியில் உள்ள வெள்ளைப் படிவு தண்ணீரின் சுண்ணாம்பு. அது உங்களுக்கு நண்பன், துரு வராமல் மூடிக்கொள்ளும். அந்த வெள்ளை முழுவதும் பரவிய கெண்டியை ஜப்பானியர்கள் நன்கு பழகியது என்று மதிப்பார்கள். இத்தனை செய்தும் தண்ணீர் சிவப்பாகவே வந்தால் இவாத்தே பட்டறைகளுக்கு அனுப்பலாம். மறுபடி கரி நெருப்பில் காய்ச்சிப் புதுப்பித்துத் தருவார்கள்.

தினசரி விதி ஒன்றே ஒன்று: காய்ச்சியதும் தண்ணீர் முழுவதையும் சூடாக இருக்கும்போதே ஊற்றிவிடுங்கள். மூடியைத் திறந்து வையுங்கள், அந்தச் சூட்டிலேயே உள்ளே காய்ந்துவிடும். ராத்திரி தண்ணீரோடு விட்டால் காலையில் துரு. காய்ந்த சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல்.

---

மாம்பலம்_மாடி

சென்னையிலிருந்து கேட்கிறேன். எங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர், இல்லாவிட்டால் போர்த் தண்ணீர். இரண்டில் எதை ஊற்றலாம்? இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா?

---

இளந்தளிர்

ஜப்பானில் பெரும்பாலும் மென்தண்ணீர். கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கும், அதனால் வெள்ளைப் படிவு மெதுவாக, சீராகப் படியும். உங்கள் போர்த் தண்ணீரில் சில வாரத்திலேயே மொத்தமாகப் படிந்து செதில் செதிலாகப் பெயரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பே குறைவு, காக்கும் படிவு சேராது, துரு சீக்கிரம் எட்டிப் பார்க்கும். முதலில் கொஞ்ச நாள் ஆர்.ஓ. தண்ணீரோடு கால் பங்கு போர்த் தண்ணீர் கலந்து காய்ச்சி, ஒரு மெல்லிய வெள்ளை வந்ததும் ஆர்.ஓ.வுக்கு மாறிவிடுங்கள். என் தங்கை வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது.

இண்டக்‌ஷனில் இரும்பு வேலை செய்யும். ஆனால் மெல்லிய அடி, திடீர்ச் சூடு. மிகக் குறைந்த அளவிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். வெறும் கெண்டியை வைக்கவே வேண்டாம். எரிவாயுவில் தீ அடிவட்டத்தைத் தாண்டி மேலே ஏறக் கூடாது, உருஷி கருகிவிடும்.

---

கணக்குப்பிள்ளை

இத்தனையும் படித்த பிறகு எனக்கும் ஆசை வந்துவிட்டது, ஈரமணல் வார்ப்பு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். நீலம், சிவப்பு, ஊதா நிறத்தில் வருகிறதே, அதுவும் இதே ஊர்தானா?

---

காமோகரை

அதே ஊர்தான். பாரிஸ் தேயிலைக் கடை ஒன்று கேட்டதால் இவாச்சு நிறம் போட்ட கியூசுகளைச் செய்யத் தொடங்கி, ஐரோப்பா முழுக்கப் பரவியது. உள்ளே எனாமல், தேநீர் வைப்பதற்கு மட்டும். மரபு கெட்டுவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஏற்றுமதி பல வார்ப்புக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. மரபுப் பட்டறைகளும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. 1625-இல் தொடங்கிய சுசுகி மொரிஹிசா பட்டறையில் 15-ஆம் தலைமுறைப் பெயரை ஏற்றவர் ஒரு பெண், குமாகாய் ஷீகோ. அந்தப் பரம்பரையில் முதல் பெண் அவர்.

---

தென்றல்_செண்டாய்

தேயிலைச் சக்கை வைத்தியம் பலித்துவிட்டது. தண்ணீர் இப்போது தெளிவு. பெரியவருக்குப் படம் அனுப்பினேன், மகிழ்ந்துபோனார். செண்டாயிலிருந்து ஒரு நாள் போய் வார்ப்பதைப் பார்க்க முடியுமா?

---

பனிக்காடு

தாராளமாக. ஷின்கான்சென் அதிவேக ரயிலில் மொரியோகா ஒரு மணி நேரத்துக்குள். அங்கே கோஷோ ஏரிப் பக்கம் கைவினைக் கிராமம் ஒன்று இருக்கிறது, பல பட்டறைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். கோடையில் போனால் வழியில் சாதாரண ரயிலில் மிசுசாவா நிலையத்தில் இறங்குங்கள், ஷின்கான்சென் அங்கே நிற்காது. நடைமேடை முழுக்க அதே வார்ப்பிரும்பில் செய்த காற்று மணிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். 1996-இல் சுற்றுச்சூழல் துறை தேர்ந்தெடுத்த நூறு ஒலிகளில் அதுவும் ஒன்று.

பட்டறைக்குப் போகுமுன் போன் செய்துவிடுங்கள். அச்சு வேலை தினமும் நடக்கும், இரும்பு ஊற்றும் நாள் தினமும் வராது. எந்த நாளில் ஊற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். உங்கள் கெண்டியையும் கையோடு எடுத்துப் போனால், அடி வடுவையும் உள்தோலையும் பார்த்து எந்தப் பக்கத்து வேலை என்று அங்கே உள்ளவர்கள் சொல்லக்கூடும்.